சைபர் போடாத கட்டங்கள்

ஜூலை 18, வெள்ளி

இன்றைக்கும் அதே பிழைதான். எண் வர வேண்டிய கட்டத்தில் #NUM! என்று வந்து சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து முறைத்துப் பார்த்ததில் கண் பூத்துப் போனதுதான் மிச்சம்.

யாராவது இதை எடுத்துப் படித்தால் விவரம் புரிய வேண்டும். யார் படிக்கப் போகிறார்கள்? என் மகள் அகிலாவுக்கு என் கையெழுத்தே புரியாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நான் தங்கப்பழம் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். அண்ணாச்சி பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் கட்டப் போகிறார். கடன் கொடுக்க பாங்கு ஐ.ஆர்.ஆர். கேட்கிறது. போட்ட பணம் வருடத்துக்கு நூற்றுக்கு எத்தனை வீதம் சம்பாதித்துத் திரும்பும் என்று எக்செல் சொல்லும் எண் அது. பங்குனியில் நான் போட்டபோது பதினாறுக்கு மேல் வந்தது. இப்போது பாங்கு கொடுத்த படிவத்தில் அதே கணக்கை ஏற்றினால் பிழை என்கிறது.

அந்தப் பதினாறை நம்பித்தான் என் வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறார். ஷார்ஜாவிலிருந்து பிப்ரவரியில் நீண்ட லீவில் வந்தவர். சேமிப்பு முழுவதையும் மண்டபத்தில் பங்காகப் போட்டு, அங்கேயே மேனேஜராக உட்கார்ந்துவிடுவது என்று பேச்சு. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பத்திரம். ஆகஸ்ட் பன்னிரண்டுக்குள் அவர் ஷார்ஜாவில் போய் இறங்காவிட்டால் விசா செத்துவிடும், வேலையும் போய்விடும். மண்டபம் வந்துவிட்டால் அது செத்தால் என்ன?

வீட்டுக்கு வந்தபோது சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தார். பாதித் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்க்காதபோது மறுபடி உரித்தேன்.

ஜூலை 19, சனி

சரியாகவில்லை. கேஸ் புக் செய்தேன்.

ஜூலை 21, திங்கள்

பிழை பிடிபட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கள் ஆபீஸில் செலவை மைனஸ் குறி போட்டு எழுதுவதில்லை. அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்தே செலவு என்றால் சிவப்பு மை. அண்ணாச்சி பார்ப்பதற்காக நான் எடுத்த பிரிண்டில் மைனஸை எல்லாம் எடுத்துவிட்டு, எண்ணைச் சிவப்பாக்கி வைத்திருந்தேன். அந்தத் தாளைப் பார்த்தே பாங்குப் படிவத்தில் ஏற்றிவிட்டேன். எக்செல்லுக்குச் சிவப்பு தெரியுமா? மண்டபம் கட்டச் செலவாகும் நாலு கோடியும் வரவு என்று நினைத்துக்கொண்டது. பணமே போடாமல் பணம் வருகிறது என்றால் வீதம் எப்படிச் சொல்லும், பாவம்.

சிவப்பாக இருந்த எண்களுக்கெல்லாம் மைனஸ் போட்டேன். உடனே 16.4.

அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார். "ஒன் கை ராசியான கை தாயி" என்றார். இத்தனை வருடத்தில் சம்பளம் கூட்டும்போது மட்டும் என் கை அவர் கண்ணில் பட்டதில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப கம்பெனிக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிரவா?" என்றார். பாங்கு ஒப்புக்கொள்ளட்டும், அவசரப்பட வேண்டாம் என்றேன். அவர் சைக்கிளுக்குக் காற்றடித்து அகிலாவை டியூஷனுக்குக் கூட்டிப்போனார். ஒன்பதாவது படிக்கிற பெண்ணைப் பின்னால் உட்கார வைத்து மிதித்துப் போகிறார். அவள் வெட்கத்தில் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். ஆனாலும் இறங்கவில்லை.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

ஆபீஸ் அரை நாள். அவர் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். ஷார்ஜாவில் இருந்தபோது ஒரு அமாவாசையும் தெரியாதாம். கீழ்வீட்டு செண்பகம் அக்கா மாடிப்படியில் நின்று, "ஆடில புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சில்லா வைப்பாங்க, ஒங்களுக்கு மட்டும் என்ன சேத்து வச்சிருக்காங்க?" என்று கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதில் அது ஒரு மாதிரியாகவும் இருந்தது.

சாப்பிடும்போது அவர் கேட்டார்: "பதினாறு பதினாறுங்கிறியே, எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது. நா போடுற காசு எத்தன வருசத்துல என் கைக்குத் திரும்பும்?"

"அஞ்சாறு வருசத்துல வந்துரும்" என்றேன். பதினாறு சதவீதம் என்றால் அப்படித்தான் வர வேண்டும். இலையில் வாழைக்காய்ப் பொரியலை அவரே இரண்டாம் தடவை வைத்துக்கொண்டார்.

ஜூலை 26, சனி

அவருக்குச் சொன்ன அஞ்சாறு வருடத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்றுதான் கோப்பைத் திறந்தேன். ஐ.ஆர்.ஆரைத் தொடவில்லை. சும்மா வரவை மாதம் மாதமாகக் கூட்டிக்கொண்டே வந்தேன். போட்ட பணம் திரும்ப எட்டரை வருடம் ஆகிறது. கூட்டலில் தப்பு என்று மறுபடி கூட்டினேன். அதே எட்டரை.

பிறகு எங்கே தப்பு என்று தேடினேன். தேடியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் கணக்கு தமிழ் மாதக் கணக்கு. ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் இல்லை. அந்த மாதங்களில் வரவு கிடையாது. வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில்லை எல்லாம் அடுத்த முகூர்த்த மாதத்தில் சேர்த்துவிடுவோம். அப்படியானால் அந்த மூன்று கட்டத்திலும் சைபர் இருக்க வேண்டும். பங்குனியில் நான் போட்டுத்தான் இருந்தேன். வீதம் போட்டுப் பார்க்கும் முன்பே அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுப் பதறிப் போனார். "கல்யாண மண்டபக் கணக்குல சைபரு எழுதலாமா தாயி? வெளங்குமா? வெறுங் கட்டமா விட்டுரு" என்றார். மண்டபம் கட்டி முடிக்கும் ஒன்றரை வருடத்துக்கும் அப்படித்தான். சைபரை எல்லாம் அழித்தேன். வெறுங் கட்டமும் சைபரும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

ஒன்றில்லை. சைபர் இருந்தால் ஒரு மாதம் போயிற்று, ஒன்றும் வரவில்லை என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். வெறுங் கட்டமாக இருந்தால் அப்படி ஒரு மாதமே இல்லை என்று தாண்டிப் போய்விடும். ஆனிக்கு மறுநாளே ஆவணி. கார்த்திகைக்கு மறுநாளே தை. வருடத்துக்கு ஒன்பதே மாதம். அஸ்திவாரம் போட்ட மறு மாதமே கல்யாணம். இப்படி ஓடினால் பணம் பதினாறு வீதத்தில்தான் வளரும்.

சைபரைப் போட்டேன். மூன்று மாதத்துக்குப் போட்டதும் எண் சரசரவென்று இறங்கியது. கட்டுமானக் காலத்துக்கும் போட்டு முடித்தபோது 9.4. பாங்கு வட்டியே பதினொன்று. கடன் வாங்கி இந்த மண்டபத்தைக் கட்டுவதும், அவருடைய பணத்தைத் தெப்பக்குளத்தில் போடுவதும் ஒன்று.

பழையபடி சைபரை எல்லாம் அழித்தேன். 16.4 வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தலைவலி. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஆட்டுக்கறி எடுத்தார். எலும்பாகப் போட்டு ஏமாற்றிவிட்டான் கடைக்காரன். பேரம் பேசத் தெரியாதவர் வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம்தான். அகிலாவுக்கு வட்டமும் சதுரமும் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, கடைசியில் அவளிடம் கற்றுக்கொண்டு எழுந்தார்.

கணக்கைப் பற்றி அவரிடம் பேசவில்லை. ஒருமுறை சரிபார்க்காமல் எப்படிப் பேசுவது?

ஜூலை 29, செவ்வாய்

சரிபார்த்தேன். ஐ.ஆர்.ஆர். சில சமயம் இரண்டு விடை தரும். இடையில் பெரிய செலவு வந்து, வரவு செலவாகிப் பிறகு மறுபடி வரவானால் அப்படி நடக்கும். எட்டாம் வருடம் பெயின்ட் அடித்து ஏ.சி. மாற்றும் செலவு இருக்கிறது. அதனால் இன்னொரு விடை ஒளிந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. எங்கிருந்து தேட ஆரம்பிக்க வேண்டும் என்று நாமே ஒரு யூக எண்ணைக் கொடுக்கலாம். பத்து கொடுத்தேன், இருபது கொடுத்தேன், முப்பது கொடுத்தேன். எங்கிருந்து கிளம்பினாலும் 9.4-இல்தான் வந்து நிற்கிறது.

நாளைக்கு மண்டப வாடகையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

கூட்டிப் போட்டேன். பதினொன்றைத் தொட வேண்டுமானால் மதுரையில் வாங்குகிற வாடகையை எங்கள் கோவில்பட்டியில் வாங்க வேண்டும். யார் கொடுப்பார்கள்?

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஷார்ஜாவிலிருந்து அவர் மேனேஜர் போன் செய்திருக்கிறான். வருவாயா மாட்டாயா என்று கேட்கிறான், டிக்கெட் போட வேண்டுமாம். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"ஏ கனி, கணக்கு முடிஞ்சுதா? என்னன்னு சொல்ல?"

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "இன்னும் ஒரு தடவ பாக்கணும்" என்றேன். "ஆனா நல்லாத்தான் வரும்."

"நீ சொன்னாச் சரி" என்றார். போனில் அவனிடம் இந்தியில் என்னவோ பேசிச் சிரித்தார். அப்பளம் கருகிவிட்டது.

நான் பொய் சொல்லவில்லை. இன்னும் ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

புளியோதரை, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு. மூன்று பேரும் கழுகுமலை போய் வந்தோம். மலையேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. அகிலா கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றினார். மாற்றிக்கொண்டே ஷார்ஜா அறையைப் பற்றிச் சொன்னார். ஒரு அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். மேல் கட்டில் ஆள் குறட்டை விட்டால் கீழே இருந்து காலால் உதைக்க வேண்டுமாம். இந்தக் கதையை ஒவ்வொரு லீவிலும் சொல்லியிருக்கிறார், நானும் சிரித்திருக்கிறேன். இந்தத் தடவை சொல்லிவிட்டு, "இனி எவன் ஒதைக்கான்னு பாப்போம்" என்றார். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், பெரும்பாலும் ஒரு மாதம் இருப்பார். அந்த மாதங்களை மட்டும் சேர்த்துவைத்து நல்ல வாழ்க்கைதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எக்செல் செய்கிற அதே வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். நேற்றுக் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது காப்பி ஆற்றி வைத்திருந்தார். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவும்போது அழுதேன். எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

அண்ணாச்சியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவர் மகளைப் பார்க்க மதுரை போயிருக்கிறார், செவ்வாய்தான் வருவார். போனில் சொல்லக்கூடிய விஷயமா இது? ஆடியில் கெட்ட செய்தி காதில் விழுந்தால் மனிதருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அவர் சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்: "நாளையோட விசா போகுது. இப்பக்கூட டிக்கெட் இருக்கு, ராத்திரி கொச்சிலேருந்து. ஒண்ணும் யோசிக்க வேண்டாம்லா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இலையை மடித்தேன். "எதுக்கு யோசிக்கணும்?" என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று ஆபீஸில் வேலை அதிகம். கத்திரிக்காய் புளிக்குழம்பு. மழை வருவதுபோல இருந்தது, வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு வெறுங் கட்டத்திலும் சைபரைப் போட்டேன். எண் இறங்க இறங்க அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். 9.4-இல் நின்றது.

"சைபரு வேண்டாம்னு சொன்னது நாந்தான" என்றார். பிறகு, "எப்ப தாயி கண்டுபிடிச்ச?" என்று கேட்டார்.

"நேத்து."

"நல்லவேள. பத்திரம் போடுறதுக்கு முன்ன கண்டுபிடிச்ச. பாங்குக்கு நா போன் போட்டுக்கிடுதேன். மண்டபமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

அத்தோடு விட்டிருக்கலாம். சாயங்காலம் காரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார், அல்வாப் பொட்டலத்தோடு. "தவசி, ஒம் பொண்டாட்டி நம்ம ரெண்டு பேரையும் காப்பாத்திட்டாய்யா. இல்லன்னா தலைல துண்டத்தான் போட்டிருக்கணும்" என்றார். என் வீட்டுக்காரர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், வாசல் வரை போய் வழியனுப்பினார்.

திரும்பி வந்து, அகிலா புத்தகத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகும் வரை காத்திருந்தார்.

"ரெண்டு மூணு வாரத்துக்கு முன்ன ஒரு சனிக்கெழம நீ சாப்பிடாமப் படுத்த" என்றார். "அன்னைக்கே தெரியுமா?"

அல்வா நெய் பொட்டலத்தைத் தாண்டி மேஜையில் இறங்கியிருந்தது. துணி எடுத்துத் துடைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு, ஆவணி 1

ஊரெல்லாம் மேளச் சத்தம். பேசுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். காப்பி போடுவதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஷார்ஜா கம்பெனிக்குப் போன் செய்து பார்த்திருக்கிறார். அவர் பார்த்த ஸ்டோர் சூப்பர்வைசர் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம். ஊரில் நாலு இடம் கேட்டார். ஒரு கடையில், வயதென்ன என்று கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்றானாம். அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸிலேயே லோடு கணக்குப் பார்க்கக் கூப்பிட்டார். இவர் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

"சம்பளம் கொறவா இருந்தா என்ன, ஒரே ஆபீஸ்ல இருக்கலாம்லா" என்று சொல்லிப் பார்த்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தூத்துக்குடி ஏஜெண்டிடம் போய் வந்தார். சவூதியில், தமாமில் ஒரு குடோன். சூப்பர்வைசர் இல்லை, ஹெல்பர்தான். மூன்று வருட ஒப்பந்தம், இடையில் லீவு கிடையாது. பழைய சம்பளத்தில் முக்கால்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

பெட்டியைப் பரணிலிருந்து அவரே இறக்கினார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன். காசு பாங்கில் அப்படியே இருக்கிறது, ஒரு பைசா குறையவில்லை, பிறகு ஏன் போக வேண்டும்? "நீங்க இருக்கணும்னுதான சொல்லாம இருந்தேன்" என்று கத்தினேன். நான் இதைச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மாதமாகச் சரிபார்க்க வேண்டும், சரிபார்க்க வேண்டும் என்று இந்த நோட்டில்கூட எழுதிக்கொண்டிருந்தவள் நான்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இருங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா கனி" என்றார். "கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவகூட நீ கேட்டதில்ல. ஒவ்வொரு லீவு முடியும்போதும் கேப்பேன்னு பாப்பேன். நீ முறுக்கு சுட்டுக் கட்டிக் குடுப்ப. சரி, நம்ம போறதுதான் இவளுக்கு வசதி போலன்னு போயிருவேன்."

"கேட்டா இருந்திருப்பீங்களா?"

"பதினாறும் வேண்டாம், ஒம்பதும் வேண்டாம். ஒரு டீக்கடை போட்டு உக்காந்திருப்பேன். விசாவ நானே வேண்டாம்னு விட்டிருந்தா அது வேற. நீ என்னையக் கட்டிப் போட்டுல்லா வச்சிட்ட. அன்னைக்கு ஒம் மொகத்தப் பாத்து யோசிக்க வேண்டாம்லான்னு கேட்டேன். அதுக்கப்புறம் இங்க இருந்து நா எதக் கேட்டு எத நம்ப?"

பயமாக இருந்தது, அதனால்தான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எதை வைத்துக்கொண்டு காத்திருப்பது? இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதத்தான் வருகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

மெடிக்கல் முடிந்தது. விசா அடித்துவிட்டார்கள். அகிலா என்னோடு பேசுவதில்லை. அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரியும். அவளாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். அண்ணாச்சி எனக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் கூட்டியிருக்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மதுரை பஸ் காலை ஆறே காலுக்கு. அகிலா வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். முறுக்கு சுடவில்லை.

பெட்டியை டிக்கியில் ஏற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். கண்டக்டர் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் இத்தனை பேர் பார்க்க அப்படிச் செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

"இருங்க" என்றேன். "போகாதீங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார்.

"மூணு வருசம் கழிச்சு வருவேன்லா, அப்பச் சொல்லு" என்றார். "வந்த அன்னைக்கே சொல்லிரு கனி. கடைசி நாள் வரைக்கும் வச்சிருக்காத."

சரி என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.